அஞ்சலை கொடுத்த நொச்சி உருண்டை

எனக்கு இருபது வருஷமா ஒத்தைத் தலைவலி. மாத்திரையே தொடாதவள் நான் என்று ஊரெல்லாம் பெருமை பேசுவேன். பாகூரில் என்கூட நடவு நடுற அஞ்சலை, நொச்சித்தழையில் செய்ததுன்னு தினம் ஓர் உருண்டை கொடுத்தாள். தின்னதும் வலி விட்டுப்போகும். நாலு மாசத்தில் வெளிக்குப் போறது கறுப்பாச்சு; வயலிலேயே மயங்கி விழுந்தேன். வலி மாத்திரையால் வயிற்றில் புண் என்றார் டாக்டர். அஞ்சலையைக் கேட்டேன்.

"மாத்திரையைப் பொடிச்சுத்தான் கலந்தேன்க்கா. சொன்னா நீ முழுங்குவியா? நீ தலையைப் புடிச்சிக்கினு குந்திட்டா, உன் பங்கையும் நாங்கதான நடணும்?" என்றாள்.

முப்பது வருஷமா ஒரே வரப்பில் சோறு தின்னவள்.

இப்போ வேளைக்குச் சாப்பிட்டுத்தான் வெயிலில் இறங்குறேன். தலை வலிச்சா நானே தழை பறிச்சு ஆவி பிடிக்கிறேன். டாக்டர் தர்ற மாத்திரையைக்கூடப் பேர் கேட்டுத்தான் முழுங்குறேன். அஞ்சலை நடுற வயலுக்கு மட்டும் போறதில்லை.