ஆணத்தில் உப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம், எங்கள் வயல் நன்றாக விளைந்திருந்தது. நாவிதன்வெளியில் கதிர்களைச் சூடு மிதித்து, நெல் மூட்டைகளைக் கல்முனையில் என் மனைவியின் வீட்டில் அடுக்கிய மறுவாரம், நான் பாயை விட்டு எழவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கவலைப்பட ஒரு காரணம்கூட இல்லை. மூன்று வயது மகள் வந்து மார்பில் ஏறி உட்கார்ந்தாள். பாரம் தெரிந்தது, பாசம் தெரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மாமி பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு, ஓதி ஊதிய தண்ணீர் வாங்கித் தந்தார். குடித்தேன். வந்தவர்கள் எல்லோரும், "உனக்கென்ன குறை?" என்று கேட்டார்கள். வெட்கமாக இருந்தது.

மனைவி மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள். "உள்ளுக்கு எப்பிடி இரிக்கி உங்களுக்கு?"

"ஒண்டுமே இல்ல புள்ள. துக்கம்கூட இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப இது நோய்தான். இண்டைக்குக் கிணத்தடிக்கு மட்டும் வாங்க. வேற ஒண்டும் வேணாம்" என்றாள்.

கிணறு இருபது அடி தூரம். போய்ச் சேர நெடுநேரமானது. தலையில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, திரும்பக் கூட்டிவந்தாள். மறுநாளும் அப்படியே. சில நாட்கள் அதற்கும் முடியவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்பாள், முகம் மாறாது. கேட்டவர்களிடம் "அவருக்குச் சுகமில்ல" என்று மறைக்காமல் சொன்னாள். எழுத்தறியாதவள். இதையெல்லாம் யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றும் வியக்கிறேன்.

ஐந்தாம் மாதம் ஒரு பகல், சோற்றில் மீன் குழம்பை ஊற்றித் தின்றுகொண்டிருந்தபோது சொன்னேன்: "ஆணத்துல உப்புக் கூடிப் போச்சி."

அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாதமும் மீனும் சோறும் வாயில் மண்ணாகத்தான் கிடந்தன. இப்போது நாக்கில் கரித்தது. அல்லாஹ் எனக்கென்று ஒரு கல் உப்பைப் படைத்து அனுப்பியது போல இருந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். இன்னும் ஒரு அகப்பை ஊற்றச் சொல்லித் தின்றேன்.

நோய் அதோடு போய்விடவில்லை. இரண்டு வருடம் கழித்து, விதைப்புக்கு முந்திய ஒரு காலை, அது வருவதை நானே கண்டு அவளிடம் சொன்னேன். அன்றைக்கே தன் கூடப்பிறந்த மூத்தவரான காக்காவை அழைத்து, வயலைப் பார்க்கச் சொன்னாள்.

"எத்தின நாளைக்கு மச்சான்?" என்று அவர் கேட்டார்.

"தெரியா."

"சரி" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். விதைப்புப் பிந்தவில்லை. நான் எழும்ப ஏழு வாரம் ஆனது.