முதல் நீர் அருந்தியவர்

ஆம்பூரில் எங்கள் தெருக் கிணற்றுக்கு நான் அடிபம்பு செய்தது ஒரே ஒரு மனிதரைத் தண்ணீர் குடிக்க வைப்பதற்காகத்தான். தெருவில் கேட்டால், டீச்சர் ஊருக்கு நல்லது செய்தார் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளின் கடைசி அது. நான் மிஷன் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். எங்கள் தெருவின் பின்னால் ஒரு காலி நிலம், அதைத் தாண்டினால் ஒரு டேனரி. அங்கே வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டிருப்பார்கள். அந்த உப்பைக் கழுவி, தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடியை எடுத்து, மறுபடி கழுவுவார்கள். கழுவிய தண்ணீரையெல்லாம் அந்தக் காலி நிலத்தில் விட்டார்கள். நிலம் எவ்வளவுதான் குடிக்கும்? மிச்சம் எங்கள் கிணற்றுக்கு வந்தது.

பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. டீக்குப் பால் ஊற்றினால் திரிந்தது. பார்வைக்கு மட்டும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, அதுதான் கொடுமை. வாயில் வைத்தால் முதலில் உப்பு தெரியும், விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கசப்பு நிற்கும், வெல்லம் தின்றாலும் போகாது.

தெருவே திரண்டு டேனரி மேனேஜரைப் பார்க்கப் போனோம். பேசத் தெரிந்தவள் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். அவர் நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. வீட்டுக்கு ஒரு பக்கெட்டு, ஆளுக்கு ஒரு கயிறு. கண்ட எடத்துல வெச்சத எடுத்து கெணத்துல வுட்டா தண்ணி கெடாம இன்னா பண்ணும்? மொதல்ல கெணத்த மூடி ஒரு பம்பு போடுங்க. அதுக்கப்புறமும் கெட்டுச்சுன்னா வந்து சொல்லுங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் வீட்டுக்குக் குடிதண்ணீர் தினமும் ஆலங்காயம் பக்கமிருந்து டேனரி வேனில், பால் கேன்களில் வந்துகொண்டிருந்தது. அது ஆம்பூருக்கே தெரியும். எங்கள் பக்கெட்டுகள்தான் அழுக்காம். அந்தக் காபியை நான் ஏன் குடித்தேன் என்று இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

அதன் பிறகு பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ரயில் ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்து வயல் கிணற்றுக்கு நடந்தார்கள். நான் பள்ளிக்குப் போன பிறகு அம்மாவும் போவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். மழைத் தூறல் விழுந்த ஒரு காலையில் தண்டவாள மேட்டு ஜல்லியில் கால் வழுக்கி, குடத்தோடு விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயது காரணமாக எலும்பு சரியாகக் கூடவில்லை. அம்மா அதற்குப் பிறகு நடக்கவேயில்லை.

அவளைக் கட்டிலோடு வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில், கடைத்தெருவில் மேனேஜர் காரை நிறுத்தி விசாரித்தார். உண்மையாகவே வருத்தப்படுகிற முகம். "இந்த வயசுல அவங்கள யாரு டீச்சர் ரயில் ரோட்டத் தாண்டச் சொன்னது? வாசல்லயே கெணறு இருக்குதே" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மென்றுகொண்டே வந்தேன். வாசலுக்கு வந்தபோது முடிவு செய்துவிட்டேன். கிணற்றை மூடுகிறேன், பம்பு போடுகிறேன், அதில் வரும் தண்ணீரை இந்த மனிதர் ஊர் பார்க்கக் குடிக்கப்போகிறார்.

வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் நான் பம்பு படம் வரைந்திருக்கிறேன். ஓர் உருளை, உள்ளே மேலும் கீழும் போகும் ஓர் அடைப்பு, மேல்பக்கமாக மட்டும் திறக்கும் இரண்டு வால்வுகள். படத்தில் எல்லாம் சுலபம். ஆனால் பாடப்புத்தகப் பம்பு கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை உறிஞ்சுகிற ஜாதி. அதற்கு ஓர் ஆழத்துக்குமேல் மூச்சு கிடையாது. எங்கள் கிணற்றில் கோடையில் தண்ணீர் அதற்கும் கீழே போய்விடும். அதனால் உருளையை மேலே வைக்காமல் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு நீளக் கம்பி கீழே போய் அடைப்பைப் பிடித்துத் தூக்கும். உறிஞ்சுகிற வேலையே இல்லை, தூக்குகிற வேலைதான்.

உருளைக்கு உள்பக்கம் வழவழப்பான பித்தளைக் குழாய் வேண்டும். வேலூர் லாங் பஜாரில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, ஏதோ பழைய மெஷினில் கழற்றிய குழாய்த் துண்டு ஒன்றைப் பிடித்தேன். அதைத் தேய்த்துக் கொடுத்த லேத்துப் பட்டறை பாய், ரொம்பப் பேஜார் பிடித்த வேலை என்று புலம்பிக்கொண்டே செய்தார். கைப்பிடிக்குப் புளிய மரம். அதை நீளமாக வைத்தேன். அம்மா என்றைக்காவது எழுந்து வந்தால் ஒற்றைக் கையால் அடிக்கும்படி இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு நப்பாசை. கிணற்றுக்கு மேல் சிமெண்ட் பலகை போட்டு, ஓர் எறும்பு நுழைய இடமில்லாமல் பூசினோம். மேனேஜர் வாயால் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. அவர் பேச்சுதான் எனக்கு வரைபடம்.

எல்லாம் ஆயிற்று, தண்ணீர் மட்டும் வரவில்லை. குறை வாஷரில். அடைப்பைச் சுற்றி, கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு தோல் வாஷர் உருளையை ஒட்டிக்கொண்டு போக வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் அதே டேனரியில் தோலுக்கு மெருகு ஏற்றும் வேலையில் இருந்தார். வாஷருக்குத் தோல் என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சரக்கில் வெட்டி விழுந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கன்னத்தில் வைத்தால் வைத்ததே தெரியாது, அப்படி ஒரு மென்மை. அடித்தால் அது மடங்கிச் சுருண்டுகொண்டது. தெரு முழுக்க டேனரி ஆட்கள்தானே. ஆளாளுக்குத் தங்கள் செக்ஷன் தோல்தான் உசத்தி என்று துண்டு துண்டாகக் கொண்டுவந்தார்கள். ஒன்றைவிட ஒன்று மென்மை. எல்லாம் மடங்கின. தோலில் பிழைக்கிற ஊரில் நல்ல தோல் என்றால் மெத்தென்ற தோல்தான் என்று எல்லாருக்கும் ஊறிப்போயிருந்தது, எனக்கும்தான்.

பிறகு ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்த அம்மாவின் செருப்பு கண்ணில் பட்டது. இனி அது அவளுக்குத் தேவைப்படாது. எடுத்து ஒதுக்கி வைக்கக் குனிந்தவள், அடித்தோலை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய எருமைத் தோல், மரம் மாதிரி நின்றது. அண்ணனிடம் அதே ஜாதித் தோல் கேட்டேன். அடித்தோலா என்று முகம் சுளித்துவிட்டுக் கொண்டுவந்து தந்தார். ஊறவைத்து, மர அச்சில் போல்ட்டுப் போட்டு அழுத்தி, நிழலில் காயவைத்து, விளக்கெண்ணெயில் முக்கி எடுத்தோம். அதை மாட்டி, கைப்பிடியை அழுத்தியபோது அடியிலிருந்து ஒரு பாரம் எதிர்த்துக்கொண்டு வந்தது. அதுவரை நாங்கள் வெறும் கம்பியைத்தான் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். வந்த தண்ணீரை யாரும் வாயில் வைக்கவில்லை, தரையில் கொட்டினோம். சந்தோஷம் என்று சொன்னால் பொய்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கிணறோ குழாயோ எதுவானாலும் போதகர் வந்து ஜெபம் பண்ணுவார். திறந்து வைப்பவர் தன் கையால் இறைத்து ஒரு டம்ளர் நிறையக் குடிப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் குடம் வைப்பார்கள். எங்கள் தலைமையாசிரியையை அனுப்பி மேனேஜரை அழைத்தோம். அவருடைய யோசனைப்படியே கிணற்றை மூடி, அவர் பெயரைச் சிமெண்டில் பதிக்கப்போகிறோம் என்று சொல்லச் சொன்னேன். பெயர் என்றதும் ஒப்புக்கொண்டார்.

பம்படியில் புதிதாகப் பூசிய ஈரச் சிமெண்டில் ஆணியால் நானே எழுதினேன், கரும்பலகைக் கையெழுத்தில். முதல் வரியில் அவர் பெயர். அடுத்த வரியில், "இக்கிணற்றின் முதல் நீர் அருந்தியவர்".

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள். மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்தார். டிரைவர் காருக்குப் பக்கத்தில் பிளாஸ்கோடு நின்றார். ஜெபம் முடிந்தது. மேனேஜர் கைப்பிடியை அடித்தார், தண்ணீர் கொட்டியது. பெண்கள் குலவை போடாத குறை. எங்கள் வீட்டிலேயே பெரிய எவர்சில்வர் டம்ளரை நான் நீட்டினேன். அப்போதுதான் அவர் குனிந்து சிமெண்டைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்பதான் காபி குடிச்சிட்டு வர்றேன், டீச்சர்" என்றார், மெதுவாக.

"ஒரு டம்ளர்தான் சார்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "நீங்க சொன்ன மாதிரியே மூடிட்டோம். ஒரு பக்கெட்டும் உள்ள போவல."

தெருவே சுற்றி நின்றது. டேனரியில் அவரிடம் வேலை செய்கிறவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவரும் தலையைக் குனியவில்லை. அவர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். முதல் வாய் கன்னத்திலேயே நின்றது. துப்ப இடம் தேடுவது போல் கண் அலைந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்கள். விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். கசப்பு வந்து சேர்ந்ததும் அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"இன்னும் பாதி இருக்குது சார்."

அதையும் குடித்தார். போதகர் பாவம், நல்ல மனதோடு கைதட்டினார்.

உள்ளே அம்மா விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

"குடிச்சானா?"

"குடிச்சாரும்மா."

"முழுங்குனானா, துப்பிட்டானா?"

"முழுசும் முழுங்கினாரு."

"உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சாவணும்" என்றாள் அம்மா. மூஞ்சி எப்படிப் போயிற்று என்று கேட்டாள். நான் வாயைக் கோணிக் காட்டினேன். விழுந்ததற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறமும் வலி ஜாஸ்தியாகும்போதெல்லாம் அந்த மூஞ்சியைக் காட்டச் சொல்வாள், நானும் காட்டுவேன்.

அடுத்த வாரமே டேனரி லாரி நல்ல தண்ணீர் டிரம்களோடு தெருவுக்கு வர ஆரம்பித்தது. ஏன் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. யாரும் அதன் பிறகு ரயில் ரோட்டைத் தாண்டவில்லை. ஆனால் காலி நிலத்தில் கழிவைத் திறந்துவிடுவது மட்டும் நிற்கவில்லை. பழிவாங்குதல் கர்த்தருக்குரியது என்று போதகர் ஒரு ஞாயிறு பிரசங்கம் பண்ணினார். என்னை நினைத்துத்தான் பண்ணியிருப்பார். முன்வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன், மனதில் ஒன்றும் அசையவில்லை.

லாரியில் வருவதற்கு நல்ல தண்ணி என்றும், பம்பில் வருவதற்கு மேனேஜர் தண்ணி என்றும் தெருவில் பெயர் நிலைத்துவிட்டது. பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க, மாடு குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் மேனேஜர் தண்ணி. அது ஊருக்கும் பரவியது.

அம்மா போன பிறகு, எண்பதுகளின் பாதியில், அவர் என் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், கார் இல்லை, நடந்தே வந்திருந்தார். நாற்காலி போட்டேன். காபி கொடுக்கவில்லை.

பேத்தி எங்கள் பள்ளியில்தான் படிக்கிறது, பிள்ளைகள் மேனேஜர் தண்ணி என்று கேலி செய்கிறார்கள், அழுதுகொண்டு வருகிறது என்றார். தயங்கித் தயங்கி, "அந்தப் பேர மட்டும் எடுத்துடலாமா, டீச்சர்?" என்று கேட்டார்.

அந்தப் பெண் என் வகுப்புதான். கெட்டிக்காரி. அவளிடம் எனக்கு ஒரு பகையும் கிடையாது, மறுநாளே கேலி செய்தவர்களை வெளுத்து வாங்கினேன். ஆனால் அவருக்கு நான் சொன்னது வேறு. எழுந்துபோய் அதே டம்ளரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"வாங்க சார். ஒரு டம்ளர் குடிச்சிட்டு, நல்ல தண்ணிதான்னு சொல்லுங்க. இப்பவே கொத்தி எடுத்துடறேன்."

கிணற்றடிக்கு வந்தார். கைப்பிடியை அவரே அடித்தார், அடித்த உடனே தண்ணீர் வந்தது. டம்ளரை நிரப்பினார், வாய்வரை கொண்டுபோனார். பிறகு தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, டம்ளரைச் சிமெண்டின் மேல், அவர் பெயருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு நடந்தார்.

நான் டம்ளரை எடுத்து வந்து நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்தேன். பெயரை எடுக்கவில்லை.