மஞ்சள் மேலங்கி

அமெரிக்க காமிக்ஸ் படிக்கும் பழக்கம் வேலைக்குப் போன பிறகும் என்னை விடவில்லை. அன்று மாலை மலையேறும் ஓவேலி பஸ்ஸிலும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வில்லன் நகரத்தை நொறுக்குகிறான். நாயகன் மேலங்கியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கிளம்புகிறான்.

பஸ் சட்டென்று நின்றது. மழையில், சாலை நடுவில் ஒற்றை யானை. அதன் எதிரே, ஸ்டாப்பில், தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும் ஓர் அக்கா. மழைக்காகக் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் தாள் அவர் முதுகில் படபடத்தது.

என் கண்ணுக்கு யானைதான் வில்லன், நான்தான் நாயகன். கத்திக்கொண்டே கதவுக்கு ஓடினேன். கண்டக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கீங்க போறீங்க? நீங்க சத்தம் போட்டா அது அந்தம்மா மேலதான் பாயும். உக்காருங்க!"

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

யானை காதுகளை விரித்துக்கொண்டு அந்த அக்காவை நோக்கி வந்தது. அவர் கழுத்து முடிச்சை அவிழ்த்தார். தாளை அதன் முன்னால் வீசிவிட்டு, தேயிலைச் செடிகளுக்குள் சரிந்து மறைந்தார். யானை தாளை மிதித்தது, தும்பிக்கையால் இழுத்துக் கிழித்தது. பிறகு எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

நனைந்து நடுங்கியபடி பஸ்ஸில் ஏறியவருக்கு என் இடத்தைக் கொடுத்தேன். ஆபத்து வந்தால் மேலங்கியைக் கட்டிக்கொள்ளும் வீரர்களையே நான் படித்திருந்தேன். கழற்றி வீசியவரை அன்றுதான் பார்த்தேன்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் கண்டக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"புது பிளாஸ்டிக் காயிதமுங்க அது. நாளைக்கு மழையில எதைக் கட்டிட்டுங்க வேலைக்குப் போறது?"