உறையோடு எடுத்த ரத்தம்

முதலில் அது எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது, இடது தொடையின் வெளிப்பக்கத்தில். கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலி வேலைக்குப் போயிருந்தோம். டிராக்டரில் ஏற்றிய மூட்டை சரிந்து என் தொடைமேல் விழுந்தது. எலும்பு முறியவில்லை, தோலும் கிழியவில்லை. கன்றிக் கறுத்த இடம் மஞ்சளாகி வெளுத்தது. வீக்கம் மட்டும் போகவில்லை.

வெளியே ரத்தம் வராத அடியை யாரும் அடியாக மதிப்பதில்லை. என் கோபம் அங்கே ஆரம்பித்தது.

நைனார்பாளையத்தில் என் பக்கத்து வீடு நாத்தனார் செல்வியுடையது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வேப்பெண்ணெயைச் சுடவைத்து என் தொடையை அழுத்தி நீவிவிடுவாள்.

"இன்னா அண்ணி, இப்பிடி கத்துற? கல்லு மாரி கீது. அமுக்கினாதான் கரையும்."

"கரையறதுக்கு அது வெல்லமா? மெதுவாடி!"

நீவினால் கொஞ்சம் இதமாக இருக்கும். பிறகு முன்னைவிடப் பெரிதாகும். அடுத்த மழைக்காலத்துக்குள் தேங்காய் அளவு வந்துவிட்டது. குந்தி உட்கார்ந்து களையெடுக்க முடியவில்லை.

ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு உறிஞ்சினார்கள். காப்பி நிறத்தில் பழைய ரத்தம் வந்தது. வீக்கம் வற்றியது, திரும்ப நிரம்பியது. மறுபடியும் உறிஞ்சினார்கள். ஏன் நிரம்புகிறது என்று கேட்டேன். "ரெஸ்ட் எடும்மா" என்றார்கள். கூலிக்காரியை வெளியே அனுப்ப இதைவிடச் சுலபமான வார்த்தை கிடையாது. மறைக்க ஒரு திரைகூட இல்லாத அந்த அறையில் புடவையைத் தூக்கிக் காட்டியதற்குக் கிடைத்த பதில் அது.

கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு அறுவை மருத்துவர்தான் எம்ஆர்ஐ (காந்தத்தால் உடம்பின் உள்ளே படமெடுப்பது) எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தபின் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"நாள்பட்ட ரத்தக்கட்டு மாதிரிதான் தெரியுதும்மா. ஆனா சதையில வர்ற புத்துநோயும் சில நேரம் இப்படித்தான் தெரியும். துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணாம சொல்ல மாட்டேன்."

"புத்துநோயா இருந்தா காலை எடுத்துடுவீங்களா சார்?"

"ரிசல்ட்டே வரலை. அதுக்குள்ள நீங்களே காலை எடுத்துடாதீங்க."

முடிவு வரும்வரை குளிக்கும்போதெல்லாம் அந்தக் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தேன். இது இல்லாமல் மலையேறி எப்படிப் பிழைப்பது?

புற்றுநோய் இல்லை. ஹெமட்டோமா (உள்ளே கசிந்த ரத்தம் தேங்கிக் கட்டியாவது) என்றார். தேங்கிய ரத்தத்தைச் சுற்றி உடம்பே ஒரு உறையைக் கட்டிவிட்டதாம். அந்த உறையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் திரும்பத் திரும்பக் கசியுமாம். ஊசி ரத்தத்தைத்தான் எடுக்கும், உறையை எடுக்காது. உறையோடு அறுத்தெடுக்க வேண்டும்.

"யாராவது இதை நீவினாங்களா? நீவ நீவ உள்ள கசிவு ஜாஸ்தியாகும்" என்றார்.

பக்கத்தில் நின்ற செல்வி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் சார் நீவிக்கினேன்" என்றேன்.

வெளியே வந்ததும் அழுதாள். "ஏன் அண்ணி பொய் சொன்ன?"

"ரெஸ்ட் எடுன்னு சொன்னவனுங்க ஒருத்தனும் எனக்கு எண்ணெ தடவல. நீ தடவின. மூக்கைச் சிந்தாம போய் டீ வாங்கினு வா."

அறுவையில் உறை முழுசாக வந்தது. மறுபடி தேங்காமலிருக்க வடிகுழாய் (கசிவை வெளியே எடுக்கும் குழாய்) வைத்து இறுக்கிக் கட்டினார்கள். வெட்டியெடுத்ததைச் சோதித்தபோதும் புற்றுநோய் இல்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு அடிபட்ட வீக்கம் வாரக்கணக்கில் வற்றாமலிருந்தாலோ வளர்ந்தாலோ, நீவாதீர்கள். படமெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் முறைத்தாலும் கேளுங்கள்.

இப்போது மலைக்குப் போகிறேன். பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுவேன். எவரும் அவசரப்படுத்த முடியாது. கால் சொல்லும் நேரம்தான் என் நேரம்.

செல்வி சாயங்காலம் வருவதை நிறுத்தியிருந்தாள். நான்தான் கூப்பிட்டேன்.

"அந்தக் காலைத் தொட மாட்டேன் அண்ணி."

"இந்தக் காலு சும்மாதானே கீது, இதை அமுக்கு."

வலது காலை அமுக்கினாள். பேச்சுவாக்கில் அவளுடைய இன்னொரு கை இடது தொடைத் தழும்பின்மேல் வந்து தங்கியது. அங்கே தோல் மரத்துப்போய்விட்டது. கை பட்டது எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கையை எடுக்கச் சொல்லவில்லை.