மஸ்தான் எடுத்த இரண்டு படங்கள்

தர்மபுரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த மஸ்தானுக்கு வாய் கொஞ்சம் நீளம். கலெக்டரையே கேலி பேசுவார். டாக்டர் சவுரியப்பனை மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சென்னையில் பெரிய ஆராய்ச்சி நிலையத்துச் சிறுநீரக நிபுணர், ஆறு வருஷமாக வத்தல்மலைக்கு நடந்தே ஏறி, குழந்தைகளின் மூத்திரத்தைச் சீசாவில் பிடித்துக்கொண்டு இறங்குகிறார் என்றால் சும்மாவா? சிரங்கு வந்த பிள்ளைகளில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டு முகம் வீங்கியது. சீக்கிரம் கீழே கொண்டுவந்தால் பிழைக்கவைக்கலாம் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அந்த முகங்களைப் படமெடுக்கக் கூடவே ஏறியவர் மஸ்தான்.

1969 சித்திரையில் நிலையத்தின் விளம்பரப் பிரிவு மலை ஜனங்களுக்கென்று ஒரு சுவரொட்டி அச்சடித்து அனுப்பியது. அதில் செல்லம்மாள் என்ற சிறுமியின் இரண்டு படங்கள். முகம் வீங்கியிருந்தபோது எடுத்தது ஒன்று, குணமாகி வீக்கம் வற்றியபின் எடுத்தது ஒன்று. ஓரத்தில் பொடி எழுத்தில் 'படம்: மஸ்தான், தர்மபுரி'. அதைத்தான் அவர் முதலில் பார்த்துப் பூரித்துப்போனார். அப்புறம்தான் படங்களுக்குக் கீழே இருந்ததைப் படித்தார். சென்னையில் உட்கார்ந்திருந்த புண்ணியவான்களுக்குக் கொழுகொழு கன்னம்தான் ஆரோக்கியமாகத் தெரிந்திருக்கிறது. வீங்கிய முகத்தின் கீழே 'சிகிச்சைக்குப் பின்' என்றும், ஒட்டிய முகத்தின் கீழே 'சிகிச்சைக்கு முன்' என்றும் போட்டிருந்தார்கள்.

டாக்டர் கட்டுரை வாசிக்க வெளிநாடு போயிருந்தார். மஸ்தான் விளம்பரப் பிரிவுக்குக் கடிதம் போட்டார். அடுத்த பதிப்பில் திருத்துவதாகப் பதில் வந்தது. அதற்குள் புதிதாக வந்த சுகாதார ஊழியர் வீடு வீடாக ஒட்டி, விரல் வைத்து விளக்கிவிட்டு இறங்கியிருந்தார். மஸ்தான் அன்றைக்கே மலையேறியிருக்க வேண்டும். ஆனால் கல்யாண சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. வைகாசி போகட்டும், அதற்குள் என்ன குடிமுழுகிவிடும் என்று இருந்துவிட்டார்.

ஆனி பிறந்ததும் ஏறினார். நாலு வீட்டில் சுவரொட்டியைக் கிழித்துப் போட்டார். ஐந்தாவது கரியன் வீடு. எப்போது மலைக்கு வந்தாலும் அவருக்கு அங்கேதான் களி. கரியனின் மனைவி ராமக்கா வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"வாங்க பாய்! நம்ம குள்ளம்மாளப் பாருங்க. எலும்பும் தோலுமா கெடந்தா. சிரங்கு ஆறுனதும் படத்துப் புள்ளையாட்டமே கன்னம் உப்பிக்கிட்டு வந்துருச்சுங்க."

ஐந்து வயசுப் பிள்ளை இமை திறக்க முடியாமல் சுவரோரம் சாய்ந்திருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"எட்டு நாளாச்சுங்க."

"ஒண்ணுக்குப் போறாளா?"

"நேத்துலருந்து இல்லீங்களே."

மஸ்தான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கரியனும் ராமக்காவும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அடிவாரம் எட்டுமுன்பே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சும் அடங்கிவிட்டது. கரியன் பாதையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

ராமக்கா அழவில்லை. "அந்தப் படம் நீங்க எடுத்ததுதானுங்களே பாய்? அதனாலதான் நம்புனோம்" என்றாள்.

"படம் சரிதான் ராமக்கா. கீழ மாத்தி எழுதிட்டாங்க."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"சித்திரையிலயே தெரியும்" என்றார் மஸ்தான்.

ராமக்கா அவர் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.