மீனு வாய் திறந்த நாள்

எங்கள் மகள் மீனு ஐந்து மாதம் வீட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. காதிலும் நாக்கிலும் ஒரு குறையும் இல்லாத பிள்ளை. வீட்டுக்குள் பேசுவாள், சண்டை போடுவாள், குளிக்கும்போது பாடக்கூடச் செய்வாள். வாசலைத் தாண்டினால் உதடு ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் நான் பட்ட வேதனையையும், முருகன் எங்களுக்குச் செய்த உதவியையும், அவனை நம்பும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எனக்குத் திருப்பரங்குன்றம் பக்கம். கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போனோம். மீனு அங்கே பிறந்து, அங்கேயே இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் படித்தாள். காலைக் கூட்டத்தில் மைக் பிடித்துச் செய்தி வாசிப்பாள். சென்ற ஆண்டு என் கணவர் சரவணனுக்கு டொரோண்டோவில் மூன்று வருட வேலை கிடைத்தது. நகரத்தின் கிழக்கே அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியேறினோம். மூன்றாம் வகுப்பு முடித்தவளை, வயதுக் கணக்குப் பார்த்து மறுபடியும் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். பாடப் புத்தகம் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது. முதல் நாளே பேச்சு நின்றுவிட்டது.

அக்டோபரில் டீச்சர் எங்களை அழைத்தார். நல்ல பெண். "மீனு எல்லாவற்றையும் கவனிக்கிறாள், அழகாக எழுதுகிறாள். ஆனால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது" என்றார். காரில் ஏறியதும் நான் உடைந்து அழுதேன். பின் சீட்டில் இருந்து மீனு என் தோளைத் தொட்டு, "ஸாரிம்மா" என்றாள். அது இன்னும் வலித்தது.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அவளை மறுபடியும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பழகின புத்தகம், பழகின கணக்கு, நம் ஊர்ப் பிள்ளைகள். சரவணனுக்கும் அதே எண்ணம். "மூணு வருஷம் கழிச்சு மஸ்கட்டோ சென்னையோ போனா இவ எந்த கிளாஸ்ல போய் உக்காருவா? இப்பவே பாரு, மது" என்றார். தேடித் தேடி, நகரத்தின் மேற்குக் கோடியில் அப்படி ஒரு சின்னத் தனியார் பள்ளி இருப்பதைக் கண்டுபிடித்தோம். ஆனால் பிள்ளையை நேரில் பார்த்துப் பேசித்தான் சேர்ப்பார்களாம். பேசாத பிள்ளையை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

தினமும் விளக்கேற்றி ஒன்றையே கேட்டேன். முருகா, அந்தப் பள்ளியில் ஓர் இடம் கொடு. கிருத்திகைதோறும் விரதம் இருந்தேன்.

மேல்வீட்டில் இருக்கும் ராஜி அக்காதான் வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மீனுவுக்குப் பிடிக்கும் என்று புட்டு அவித்தால் ஒரு கிண்ணம் கீழே வரும். மீனு தலையை மட்டும் ஆட்டி வாங்கிக்கொள்வாள். அக்கா அதைத் தப்பாக எடுத்ததே இல்லை. நான் பள்ளி மாற்றும் விஷயத்தைச் சொன்னபோது யோசித்தார்.

"உந்தப் பள்ளிக்கூடம் எங்கயோ கிடக்கு, மது. ஸ்னோ கொட்டுற நாளில பிள்ளையைக் கொண்டுபோய்க் கொண்டுவாறது லேசான வேலையே? இஞ்ச ரெண்டு தெரு தள்ளித்தானே ஸ்கூல்."

"அங்க போனா அவளுக்குப் பழகின பாடம், அக்கா. தன்னால பேசிருவா."

"ஓம், நீர் தாய். உமக்குத்தான் தெரியும். நானும் கும்பிடுறன்."

ஜனவரியில் அந்தப் பள்ளி நேர்முகத்துக்கு அழைத்தது. அன்றும் கிருத்திகை. நல்ல சகுனம் என்று மகிழ்ந்தேன். சரவணன் காரோடு வேலைக்குப் போயே ஆக வேண்டிய நாள். எனக்கு லைசென்ஸ் இல்லை. மீனுவின் நெற்றியில் விபூதி இட்டு, மஸ்கட் மதிப்பெண் அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸிலும் சப்வேயிலுமாகக் கிளம்பினேன்.

ஷெப்பர்ட்–யங் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். ஒரே கூட்டம். அதுவரை என் கோட்டைப் பிடித்திருந்த மீனு, அதை விட்டுவிட்டு முன்னால் ஏறினாள். அவளுடைய கையுறை ஒன்று பிளாட்பாரத்தில் விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் முகம். வாய் திறந்து "அம்மா" என்கிறாள், சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ரயில் நகர்ந்தது. கண்ணாடியைத் தட்டிக்கொண்டே ஓடினேன். அது போய்விட்டது.

ஓர் ஊழியர் ஓடி வந்தார். என் வாயில் ஆங்கிலம் கோர்வையாக வரவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டு, அடுத்த நிலையத்துக்குத் தகவல் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "யாராவது கேட்டால் பிள்ளை தன் பேரைச் சொல்வாளா?" என்றார்.

என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

பிளாட்பாரச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பையில் இருந்த மதிப்பெண் அட்டை, பள்ளி, சிலபஸ், மூன்று வருடம், எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. கண்ணை மூடினேன். முருகா, அவளைப் பேச வை. இத்தனை மாதத்தில் நான் அதை நேராகக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளியைத்தான் கேட்டிருந்தேன். முருகா, என் பிள்ளையைப் பேச வை. வேறு ஒன்றும் வேண்டாம்.

கையில் இருந்த போன் அடித்தது. தெரியாத எண்.

"அம்மா, நான்தான். நீ அழாத. ஒரு அக்காகிட்ட போன் கேட்டேன். உன் நம்பரை நானே அழுத்தினேன்."

அடுத்து ஒரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் தொடங்கியது. "மீனு, எங்கடி இருக்க?" என்று நான் தமிழில் கதறியதைக் கேட்டதும் அதுவும் தமிழுக்கு மாறியது.

"அன்ரி, டோன்ட் வொரி, மகள் என்னோடதான் நிக்கிறா. அடுத்த ஸ்டேஷன், யோர்க் மில்ஸில இறங்கிட்டம். நீங்க அடுத்த ட்ரெய்ன்ல வாங்கோ."

அங்கே போய் இறங்கியபோது மீனு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, மறுபக்கத்தில் நிலைய ஊழியர் ஒருவர். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்க, மீனு பேசிக்கொண்டிருந்தாள். மஸ்கட் கடலைப் பற்றி. ஆங்கிலத்தில்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "இந்த அக்காவுக்கு இன்னிக்கு டெஸ்ட் இருக்காம்மா. லேட் ஆயிடுச்சு. நீ ஸாரி சொல்லு" என்றாள் மீனு.

அந்தப் பெண்ணின் பெயர் ஷாமினி. "நான் ஒண்டும் செய்யேல்ல, அன்ரி. ட்ரெய்ன்ல அவவாத்தான் வந்து, எக்ஸ்கியூஸ் மீ, என்ர அம்மா அங்க நிண்டுட்டா, உங்கட ஃபோன் தருவீங்களோ எண்டு இங்கிலீஷில கேட்டவ. எவ்வளவு கிளியரா கதைச்சவ தெரியுமோ?" என்றாள். அந்த வார்த்தை என் காதில் தேனாக விழுந்தது. நூறு பேர் நின்ற ரயிலில் என் பிள்ளை எப்படி இவளைத் தேர்ந்தெடுத்தாள்? பார்க்க நல்ல அக்கா மாதிரி இருந்தாள் என்கிறாள் மீனு. எனக்கு அது போதும். யார் காட்டிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

நேர்முக நேரம் தாண்டிவிட்டது. பள்ளிக்குப் போன் செய்தேன். அவர்கள் தன்மையாக, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். ஆக, கேட்ட இடத்துக்கு வழி மூடிவிடவில்லை. அன்று சாயங்காலம் சரவணன் மீனுவை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ஸ்கூலுக்குப் போகலாமாடா?" என்று கேட்டார்.

"நாளைக்கு மிஸ்கிட்ட ட்ரெய்ன் கதையைச் சொல்லணும்ப்பா."

சரவணன் அவளுடைய பள்ளிப் பையை எடுத்துக் கதவருகே வைத்தார்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார். "மீனு சொன்னாள். என் காதில் மட்டும், மெதுவாக. முழுக் கதையும் சொன்னாள்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஒரே நாளில் எல்லாம் மாறியது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முதலில் டீச்சர், பிறகு பக்கத்தில் உட்காரும் ஒரு பிள்ளை, மார்ச்சில்தான் வகுப்பு முழுவதும். ராஜி அக்காவிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, "புட்டுக்கு இன்னும் கொஞ்சம் தேங்காப்பூ." அக்கா மேலே போய்த் தன் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

மேற்குக் கோடிப் பள்ளிக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்று தெரிவித்தோம். இந்தியக் கணக்குப் புத்தகத்தை வரவழைத்து, சனி ஞாயிறுகளில் சரவணன் சொல்லிக்கொடுக்கிறார். அது போதுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் கழித்து எந்த ஊர், எந்த வகுப்பு என்பதும் தெரியாது. ஆனால் முன்பு போல அதை நினைத்து ராத்திரி விழித்துக் கிடப்பதில்லை.

பங்குனியில் ராஜி அக்காவையும் கூட்டிக்கொண்டு ரிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். முருகன் சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். வழக்கம் போல நான் சொல்ல வாயெடுத்தேன்.

"மீனாட்சி, விசாகம்" என்று கீழே இருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது. ஐயர் குனிந்து பார்த்துச் சிரித்தார். என்னால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை, கையில் தட்டு இருந்தது.

அயல்நாட்டில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தவிக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, தேடுங்கள், விசாரியுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் விளக்கின் முன்னால் நிற்கும்போது பள்ளியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று முருகனுக்குத் தெரியும்.