ஃபியூஸில் சுற்றிய கம்பி

சலூனில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுவந்து டயர் கடைக்காரர் சொன்னார். ஏதோ ஒரு குடும்பக் கார். பொழுது சாய்ந்து ஹெட்லைட்டைப் போட்டதும் உள்ளே குபுகுபுவென்று புகையாம். பின்சீட்டில் பிள்ளை இருந்ததாம். "எவனோ அரைகுறை, ஃபியூஸ் போன இடத்துல வெறும் கம்பியச் சுத்தி வச்சிருந்தானாம்ப்பா."

"ச்சீ!" என்றார் எலெக்ட்ரீஷியன்.

அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. கடைத்தெருவில் 'ச்சீ அண்ணன்' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் கார்களில் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் வண்டிக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். மென்று ஒட்டிய சூயிங்கம், முடிக்கற்றை, எலிப்புழுக்கை, பால் கொட்டிப் புளித்த மிதியடி. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவாமல் போனைக்கூடத் தொடமாட்டார்.

அதைவிட அவருக்குக் குமட்டுவது அடுத்தவன் செய்த வயரிங். ஒருவன் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வயரில் ஒட்டியிருப்பான். இன்னொருவன் பாலிதீன் பையைக் கிழித்துக் கட்டியிருப்பான். "இவனெல்லாம் சோத்தைத்தான் திங்கிறானா?" என்று ஆரம்பித்தால் அந்த வண்டி கடையைவிட்டுப் போகும்வரை வாய் ஓயாது.

மறுநாள் சாயங்காலம் அந்தக் காரே கயிறு கட்டி இழுபட்டு வந்து சேர்ந்தது. கூட வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். கதவைத் திறந்ததுமே கருகிய பிளாஸ்டிக் வாடை தொண்டையைப் பிடித்தது.

"பல்பு பெருசா மாத்தினீங்களா?"

"ஆமாண்ணே. வெளிச்சம் பத்தலன்னு போன வாரம்தான்."

"பல்பு என்ன செய்யும்? ஃபியூஸ் ஒழுங்கா இருந்திருந்தா அதுவே அறுந்து லைட் அணைஞ்சிருக்கும். அதோட போயிருக்கும்." உள்ளே தலையை விட்டவர், கருகிய வயர்களைப் பார்த்துக் கத்தினார். "ச்சீ, எந்தக் கேடுகெட்டவன் கை வச்சதும்மா இது? பிள்ளைங்க ஏறுற வண்டின்னு ஒரு புத்தி வேணாம்?"

"தெரியலண்ணே. மருந்துக்கடைக்காரர்கிட்ட பழசா வாங்கின வண்டி."

ஃபியூஸை இடுக்கியால் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வசவு பாதியில் நின்றது. மூன்று செம்பு இழைகளைச் சேர்த்து முறுக்கி, நுனி விரலைக் குத்தாமல் உள்பக்கமாக மடித்திருந்தது. ஊரில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை.

மருந்துக்கடைக்காரர். போன மழைக்காலம். டப்பாவில் ஃபியூஸ் தீர்ந்துபோயிருந்தது. "இன்னிக்கு ஓட்டுங்க, நாளைக்கு வாங்க, மாத்திடலாம்." அவர் வரவில்லை. இவரும் மறந்துபோனார். கம்பியில் மிஞ்சியதை அன்று மாலையே இன்னொரு காரில் சுற்றினார். தங்கச்சியின் கார்.

அங்கேயும் 'நாளைக்கு'தான். அதற்குள் வாய் கெடுத்தது. சீட்டுக்கு அடியிலிருந்து கறுத்த வாழைப்பழத் தோலை எடுத்து, அவள் மாமியார் எதிரிலேயே ஆட்டிக் காட்டினார். "ச்சீ, இது காரா குப்பைத்தொட்டியா? இதுலயா பிள்ளைங்கள ஏத்துற?" தங்கச்சியின் முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து அண்ணன் நம்பரைப் பார்த்தால் அவள் எடுப்பதில்லை. முந்தாநாள் கப்பல் வேலைக்குத் திரும்புமுன் மச்சான் அந்தக் காருக்குப் பெரிய பல்பு மாட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி.

கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாகப் போகிறது. தினமும் இந்நேரம்தான் டியூஷன் வாசலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். தெருவில் ஒவ்வொரு வண்டியாக ஹெட்லைட் எரியத் தொடங்கியிருந்தது.

கரி அப்பிய கையோடு போனை எடுத்தார். அந்தக் கை அவருக்கே குமட்டியது.

"யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுதாண்ணே?" என்றார் டீச்சர்.

"நான்தாம்மா."

போனில் மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார்.

"எடும்மா தங்கச்சி, எடு. எடுத்து என்னை என்ன வேணா திட்டு. லைட்டை மட்டும் போடாத."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.